கிளவுஸ் தேய்ந்த இடம்: பதற்றத்தைக் குறைத்து கோல்ஃப் ஆடிய இரண்டரை வருடம்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வீடு சத்துவாச்சாரியில். பெங்களூரில் இருக்கும் மச்சான் அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். அவருடைய விருந்தாளியாக மாதத்துக்கு ஒருமுறை ஆடப் போவேன். வெள்ளி மாலை காட்பாடியில் ரயிலேறும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்: இவ்வளவு தூரம் போகிறோம், நாளைக்குப் பதினெட்டுக் குழிகளையும் நூறு அடிக்குள் முடித்தே ஆக வேண்டும். கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் நல்ல ஸ்கோர். முதல் ஒன்றரை வருடம் அந்த நூறு வரவே இல்லை. 108, 111, 106 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியது ஓட்டை விழுந்த ஒரு கிளவுஸ்தான். நல்ல கோல்ஃப் கிளவுஸுக்குப் போடுவது காப்ரெட்டா. கம்பளிக்குப் பதில் முடி வளரும் செம்மறியின் தோல், ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. வலதுகைக்காரன் என்பதால் இடது கையில் போடுவேன். ஐந்தாறு ஆட்டத்திலேயே உள்ளங்கையின் அடிமேட்டில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கிழிந்துவிடும். சரக்கு சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து, தரம் பிரிக்கும் மேசை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். தோல் அருமையான தோல். அந்த ஒரே இடத்தில் மட்டும் மேல்பூ, அதாவது தோலின் வழவழப்பான மேற்பரப்பு, உராய்ந்து போய், கீழே நார் பஞ்சுபோலக் கிளம்பியிருந்தது. மட்டை விரல்களில் உட்காராமல் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் நழுவியிருக்கிறது. நழுவுமோ என்ற பயத்தில் நான் இன்னும் இறுக்கியிருக்கிறேன். கை இறுகினால் முன்கை விறைக்கும், மட்டையின் முகம் நேரத்துக்குத் திரும்பாது, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். என் ஆட்டமே அதுதான்.

எங்கள் செலக்‌ஷன் பிரிவில் ஒரு பெரியவர் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மென்மை பார்க்கத் தோலைக் கசக்கிப் பிடித்தபோது, “இன்னாப்பா, கழுத்தையா நெரிக்கிற? இறுக்கினா உனக்கு இன்னா தெரியும்?” என்று கையைத் தட்டிவிட்டார். அந்தக் கையைத்தான் மைதானத்துக்கு எடுத்துப் போனேன். பந்துமுன் நின்றதும் மட்டையை முழுப் பலத்தோடு ஒருமுறை இறுக்குவேன், அதைப் பத்து என்று வைத்துக்கொண்டு நாலுக்கு இறக்குவேன். வெறுமனே ‘தளர்வாகப் பிடி’ என்று சொல்லிக்கொண்டால் கைக்குப் புரிவதில்லை. இறுக்கிவிட்டு இறக்கினால் புரிகிறது. அப்புறம் மூச்சு. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவேன். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், அதனால் விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும்.

இப்படி ஆடிய முதல் மூன்று மாதம் ஸ்கோர் ஏறியது, 112 வரை. கையோடு சேர்த்துக் கவனத்தையும் தளர்த்திவிட்டேன். குறி பார்க்காமல் நின்று அடித்துக்கொண்டிருந்தேன். நிதானம் வேறு, அசட்டை வேறு என்று பிரித்துக்கொள்ள எனக்கு அவ்வளவு நாள் ஆனது. இப்போது பந்துக்கு ஓரடி முன்னால் ஒரு புல்லையோ காய்ந்த இலையையோ குறிவைத்து, மட்டை முகத்தை அதற்கு நேராக வைத்த பிறகுதான் மூச்சு, பிடி எல்லாம்.

ஆனால் ஸ்கோரை உண்மையில் இறக்கியது அடிகளை எழுதும் ஸ்கோர் கார்டைக் கையில் வாங்காததுதான். முன்பெல்லாம் ஒன்பதாவது குழி முடிந்ததும் கூட்டுவேன். 52 ஆகிவிட்டது, இனி 47-க்குள் அடித்தால்தான் 99. அவ்வளவுதான், பத்தாவது குழியின் முதல் அடியிலேயே கை மறுபடி இறுகிவிடும். இப்போது மச்சான் எழுதுகிறார், பதினெட்டும் முடிந்த பிறகு கூட்டிச் சொல்கிறார். ஆட்டக்காரரின் திறமையை அளக்கும் எண்ணான ஹேண்டிகேப்பின் கணக்கையும் அவர்தான் விளக்கினார். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 மட்டுமே சராசரிக்குப் போகும். மீதி 12 எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதில் சேராது. இதைக் கேட்ட அன்று ரயிலில் நிம்மதியாகத் தூங்கினேன். இந்தச் சனிக்கிழமை போனால் அடுத்தது இருக்கிறது.

மாதம் ஒரு ஆட்டம் போதாது, மீதிப் பயிற்சி இங்கேதான். பங்கர் எனப்படும் மணல்குழியிலிருந்து அடிக்கும் அடிக்குப் பாலாற்று மணலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வெயில் ஏறுமுன், ஐந்தரை மணிக்கே போய்விடுவேன். குச்சியால் ஒரு கோடு கிழித்து, பந்தே வைக்காமல், மட்டை அந்தக் கோட்டில் இறங்குகிறதா என்று பார்ப்பேன். கை இறுகியிருந்தால் மட்டை குழிபறித்து நின்றுவிடும். நாலில் இருந்தால் மணலை மெல்லிய தோசைபோல வழித்துக்கொண்டு போகும். என் பிடியை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியும் எனக்குக் காட்டியதில்லை.

கடந்த ஏழெட்டு மாதமாக 93-க்கும் 98-க்கும் நடுவில் நிற்கிறேன். ஒருமுறை 91.

சரி, தீராதது ஒன்று இருக்கிறது. நாலடி தூரத்துக்குள் இருந்து பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடிகளில் மூச்சும் எண்ணிக்கையும் எனக்கு இன்னும் பலன் தரவில்லை. நீள அடியில் நிதானமாக இருக்கிற கை அங்கே நடுங்குகிறது. மொட்டை மாடியில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து அடித்துப் பழகுகிறேன். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், டம்ளர் வாய் அதைவிடச் சின்னது. மாடியில் பத்துக்கு ஏழு விழுகிறது, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் அப்படி விழுவதில்லை.

இப்போது போட்டிருக்கும் கிளவுஸ் பதினோரு ஆட்டம் தாண்டிவிட்டது. வியர்வை உப்பு தோலை விறைக்க வைக்கும் என்பதால் ஆடி முடித்ததும் நிழலில் விரித்துக் காயவைக்கிறேன். அடிமேட்டில் மேல்பூ அப்படியே இருக்கிறது. கட்டைவிரல் பக்கம் மட்டும் லேசாகப் பளபளக்கிறது. அங்கே என்ன செய்கிறேன் என்று அடுத்த முறை பார்க்க வேண்டும்.