23 கவலை, 4 கட்டம்: மனவளக்கலையில் என் ஐந்து மாதம்

பல் பிடுங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. வலது கடைவாய்ப் பல் எட்டு மாதமாகக் குடைந்துகொண்டே இருக்க, சென்ற ஏப்ரலில் ஒருவழியாக நேரம் ஒதுக்கிப் போய் நாற்காலியில் சாய்ந்தேன். ஊசி போடும் முன் பி.பி. பார்த்தார்கள். 168/102. பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார்கள். 164. "முதல்ல இதைப் பாருங்கம்மா, பல்லு எங்கேயும் போயிராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு 48 வயது. சென்னிமலையில் போர்வைக் கடைக்காரர்களுக்கும் சில தறிக்காரர்களுக்கும் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதத்தில் 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டி என் கையைப் பிடித்து யாரும் நாடி பார்க்காமல் இருப்பது நல்லது. மறுநாள் பொது மருத்துவரிடம் போனேன். தினம் ஒரு மாத்திரை, உப்பைக் குறை, நட. ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது என்று அர்த்தம். "உள்ள விடுறதும் விடாததும் உங்க கையில" என்றார் டாக்டர்.

நடக்கச் சொன்னார் என்று முதல் வாரமே மலைக்கோயிலுக்குப் படியேறினேன். 1,320 படி. மேலே முருகனைப் பார்த்தேன், கீழே வந்ததும் முழங்காலைப் பார்த்தேன். அதோடு சரி.

விஷயம் கேள்விப்பட்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு செயலியில் ஓராண்டுச் சந்தா கட்டிக் கொடுத்தாள். உடம்பு, மனசு, ஆன்மிகம் மூன்றுக்கும் சேர்த்து 'உங்களுக்கே உங்களுக்கான திட்டம்'. பெயர் வேண்டாம். ஆறாயிரம் சொச்சம். நாற்பது கேள்வி கேட்டுவிட்டு, காலைக்கு ஓட்ஸ், மதியத்துக்குக் கினோவா, பாதி அவகாடோ என்று அட்டவணை போட்டது. நம் ஊர் பட்டர் ஃப்ரூட்தான் அது. கிடைக்கும், விலையைக் கேட்டால்தான் பி.பி. ஏறும். 20-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு ஜி.எஸ்.டி. தளம் சுற்றிக்கொண்டே நிற்க, போனில் டிங் என்று 'ஆழ்ந்து மூச்சு விடுங்கள்' என்று வரும். இரவானால் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதச் சொல்லும். மூன்று நாள் தொடர்ந்து 'தளம் திறந்தது' என்றே எழுதினேன், அதற்கும் ஒரு பூச்செண்டு படம் காட்டியது. நாற்பது நாளில் நிறுத்தினேன். மீதிப் பணம் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டாயிற்று, பதில் இல்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மனவளக்கலை என்பது வேதாத்திரி மகரிஷி வகுத்த, உடற்பயிற்சி, தியானம், தற்சோதனை எல்லாம் சேர்ந்த யோகப் பயிற்சி. அதற்குப் போகச் சொன்னது என்னிடம் கணக்குக் கொடுக்கும் தறிக்காரர் ஒருவர். போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார், "வாழ்க வளமுடன்" என்பார். அதற்காகவே அவரைக் கிண்டல் செய்தவள் நான். "ஏனுங்க்கா, சும்மா ஒரு வாரம் வந்து பாருங்க, வேதாத்திரி ஐயாவும் நம்மளாட்டத் தறிக்காரர்தான்" என்றார். உண்மைதான். வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தறியில் உட்கார்ந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2006-இல் காலமானார். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஆழியாற்றில் இருக்கும் அறிவுத் திருக்கோயிலைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் அப்பாவும் குழித்தறிக்காரர். நாள் முழுக்கக் குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதித்தால் இடுப்பும் கெண்டைக்காலும் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். கால் பயிற்சிக்கு உட்கார்ந்த முதல் நாளே, இதை யோசித்தவர் தறியில் உட்கார்ந்தவர்தான் என்று தோன்றியது. வெறும் என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஜூனில் சேர்ந்தேன். காலை ஐந்தரைக்கு வகுப்பு. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆனது, செயலிக்குக் கொடுத்ததில் சின்னப் பங்கு. சொல்லிக் கொடுக்கிறவரைப் பேராசிரியர் என்பார்கள், வருகிறவர்கள் எல்லாரும் அன்பர்கள். எங்களுக்கு வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. குரலை உயர்த்தாமலே எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்துவிடுவார்.

உடற்பயிற்சியை எளியமுறை உடற்பயிற்சி என்கிறார்கள், பெயருக்கேற்ற மாதிரிதான் இருக்கிறது. கை, கால், மூச்சு, கண், கபாலபதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது), மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல். முழுதாகச் செய்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வியர்த்துக் கொட்டாது. இதைச் செய்தால் எடை குறையும் என்று நினைத்துப் போகாதீர்கள், எனக்கு ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. எனக்குப் பி.பி. என்றதும் கபாலபதியை இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னார், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு நம்பிக்கை வந்தது. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு. முதல் மாதம் முழுக்க நான் நாற்காலிக் கட்சி.

காயகல்பம் தனி வகுப்பு. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நேரில்தான் கற்க வேண்டும், வீடியோ பார்த்துச் செய்கிற சமாச்சாரம் இல்லை. இளமை, நீண்ட ஆயுள் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஐந்து மாதத்தில் நான் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

நான் எழுத உட்கார்ந்ததே அகத்தாய்வுக்காக. தற்சோதனை என்றும் சொல்வார்கள். முதலில் எண்ணங்களை ஆராய்வது, ஆசைகளைச் சீரமைப்பது. அடுத்து சினம், கவலை. கடைசியில் 'நான் யார்'. யாரோ நமக்குத் திட்டம் போட்டுத் தருவதில்லை. கையில் பேனா, முன்னால் வெள்ளைத்தாள், எழுத வேண்டியது நாம். இருபது வருடமாக ஊரார் வரவு செலவை எழுதுகிறேன், என் கணக்கை நான் எழுதினது அன்றைக்குத்தான்.

கவலைத் தாள் இப்படி. மனதில் உள்ள கவலைகளை எல்லாம் வரிசையாக எழுத வேண்டும், பெரிது சின்னது பார்க்கக் கூடாது. எனக்கு 23 வந்தது. பக்கத்து அன்பருக்கு 6 வந்ததும் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பிறகு நாலு கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் ஏதாவது ஒன்றில் அடைக்க வேண்டும். அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. ஐந்தாவது கட்டம் கிடையாது. கணக்கில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று வைத்திருப்போம், எங்கே போடுவதென்று தெரியாததை அதில் தள்ளிவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை.

நாத்தனார் ஒரு வளைகாப்பில் என் சேலையைப் பற்றிச் சொன்ன சொல் மூன்றாவது கட்டத்துக்குப் போனது. அது நடந்து நாலு வருடம். எழுதிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மகள் கல்யாணம் இரண்டாவது கட்டம், அவளே இரண்டு வருடம் போகட்டும் என்கிறாள், பிறகு நான் ஏன் இப்போதே மண்டபம் பார்க்க வேண்டும்? பல் நாலாவது கட்டம்.

அம்மாவைத்தான் எங்கே போடுவதென்று தெரியவில்லை. 79 வயது, மறதி. போன வருடம் வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இப்போது சில நாள் "யாரு அம்மிணி நீ?" என்கிறாள். நான் நாலாவது கட்டத்தில் எழுதி வைத்தேன். ஈரோடு, கோயம்புத்தூர் என்று டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம். பேராசிரியர் என் தாளைப் பார்த்தார். திருத்தவில்லை. "எத்தனை டாக்டர் பார்த்தாச்சு?" என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். "நாலு பேரும் வேற வேற சொன்னாங்களா?" இல்லை, ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அவர் அடுத்த அன்பரிடம் போய்விட்டார். நான் அரை மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நாலாவது கட்டத்தில் 'அம்மா' என்ற சொல்லை அடித்துவிட்டு முதல் கட்டத்தில் எழுதினேன். அதற்கப்புறம் ஐந்தாவது டாக்டர் பார்க்கவில்லை. மாத்திரையைத் தவறாமல் கொடுக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை போய்த் தலை வாரிவிட்டு வருகிறேன். பி.பி. எந்த நாளில் இறங்க ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன், டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சினத்துக்கும் ஒரு தாள் உண்டு. யார் யார்மேல் கோபம் வருகிறது, எதற்கு, எப்போது என்று பட்டியல். அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இவரிடம் இனிக் கோபப்பட மாட்டேன் என்று முடிவெடுத்து, தவம் (தியானத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) முடிகிற நேரத்தில் அவரை நினைத்து வாழ்த்த வேண்டும். பட்டியலில் முதல் பெயர் என் வீட்டுக்காரர். ஆரம்பத்திலேயே அவ்வளவு பெரிய ஆளாக எதற்கு என்று, ஒரு கடைக்காரரைத் தேர்ந்தெடுத்தேன். மாதா மாதம் 19-ஆம் தேதி இரவு எட்டரைக்கு, ஒரு மாத பில் அத்தனையையும் மஞ்சப்பையில் கசக்கித் திணித்துக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்ப்பவர். பாதி பில்லில் எண்ணெய்க் கறை இருக்கும். அவரை ஒரு மாதம் தினமும் வாழ்த்தினேன். அடுத்த 19-ஆம் தேதியும் அதே எட்டரைக்கு அதே மஞ்சப்பையோடு வந்தார். அவர் மாறவில்லை. நான்தான் "உட்காருங்கண்ணா, அடுத்த மாசத்துல இருந்து 10-ஆம் தேதிக்குள்ள வந்தாத்தான் என் கூலி பழைய கூலி, தப்பினா முந்நூறு சேர்த்து" என்று சாதாரணக் குரலில் சொன்னேன். இதே விஷயத்தைக் கத்திச் சொன்ன காலத்தில் அவர் சிரித்துவிட்டுப் போவார். இந்த முறை சிரிக்கவில்லை. போன மாதம் 12-ஆம் தேதி வந்தார். பை அதே பைதான், முந்நூறு வாங்கிக்கொண்டேன்.

தவம் எனக்குப் பாதிதான் ஒட்டியது. ஆக்கினைத் தவத்தில் புருவ மத்தியில் கவனம் வைக்க வேண்டும். பேராசிரியர் அந்த இடத்தைத் தொட்டுத் தீட்சை கொடுப்பார். சிலருக்குக் குறுகுறுவென்று உணர்வு வந்ததாம். எனக்கு நாலு நாளைக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம்தான் வந்தது. சாந்தி தவம் வேறு கதை. கவனத்தை மூலாதாரத்துக்கு, அதாவது முதுகுத்தண்டின் அடிக்கு, இறக்குவது. 20-ஆம் தேதி முடிந்த மாலையில் அதைச் செய்தால் பொங்கிக்கொண்டிருந்த பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கிறது. உச்சந்தலையில் கவனம் வைக்கும் துரியத்துக்கு நான் இன்னும் தயாரில்லை. உடம்புக்குள் இருக்கும் காந்த ஆற்றல் ஜீவகாந்தம், பிரபஞ்சத்தில் இருப்பது வான்காந்தம் என்று தத்துவ வகுப்பில் விரிவாகப் போகும். பள்ளியில் படித்த இயற்பியலோடு அதை என்னால் பொருத்திக்கொள்ள முடியவில்லை. கேட்டுக்கொண்டேன், ஏற்றே ஆக வேண்டும் என்று யாரும் பிடித்து உலுக்கவில்லை. சாமி கும்பிடுகிற பழக்கத்தை விடச் சொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை மலைக்கோயிலுக்கு இப்போதும் போகிறேன், பஸ்ஸில்.

ஆகஸ்ட் 30-ஆம் தேதியை மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். மகரிஷியின் துணைவியார் லோகாம்பாள் அம்மையாரின் பிறந்தநாள் அது. தம்பதிகள் எதிரெதிரே உட்கார்ந்து பூவும் பழமும் மாற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் வாழ்த்த வேண்டும். என் வீட்டுக்காரர் "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்று முனகிக்கொண்டே வந்தார். 24 வருடத்தில் இரண்டு நிமிடம் தொடர்ந்து அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான். திரும்பும்போது வண்டியில் ஒன்றும் பேசவில்லை. பெருந்துறை ரோட்டில் நிறுத்திக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை வாசலில் நிற்கிறது என்று நினைவுபடுத்த எனக்கு மனசு வரவில்லை, பாதி குடித்தேன். சினப் பட்டியலில் அவர் இப்போது மூன்றாவது இடம்.

எண்கள் கேட்பீர்கள். நவம்பரில் பி.பி. 134/84, மாத்திரை அதே அளவில் தொடர்கிறது. ஹெச்.பி.ஏ.1.சி. 5.9. இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு, ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தூக்கம் மட்டும் நிச்சயம். பத்தரைக்குப் படுத்தால் ஐந்துக்கு எழுகிறேன், நடுவில் இரண்டு மணிக்கு எழுந்து யாருடைய பில் எங்கே என்று யோசிப்பது நின்றுவிட்டது.

எடை குறைக்கவோ, வேகமான யோகாசனத்துக்கோ ஆசைப்படுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள். இங்கே எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் முதலில் அங்கே போய்விட்டு அவர் சொல்லை வைத்து இதை முடிவு செய்யுங்கள். எழுதப் பிடிக்காதவர்களுக்கு அகத்தாய்வு கசக்கும். கணக்குப்பிள்ளை மனசுக்காரர்களுக்கு என்னைப் போலவே பிடித்துப்போகலாம்.

பல்லை ஜூலையிலேயே பிடுங்கியாயிற்று, நாலாவது கட்டத்தில் முதலில் அடித்தது அதைத்தான். தீபாவளிக்குப் பிறகு கவலைத் தாளைப் புதிதாக எழுதினேன். 14 வந்தது, அதில் இரண்டு புதுசு. 'நான் யார்' வகுப்பு ஜனவரியில். தொடக்கத் தேதி 20 என்றால் என் பெயரை 21-லிருந்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.