காதலை ஆராய எந்தத் துறை: சமூக உளவியலா, மருத்துவ உளவியலா, ஜோடி சிகிச்சையா?

காதலையும் பொருத்தத்தையும் மேற்படிப்பாகப் படிக்க நினைப்பவர் முதலில் தேடுவது அந்தப் பெயரில் ஒரு பட்டத்தை. பெரும்பாலும் கிடைக்காது. விஷயம் பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி வேறு. "இவருக்கு இவரை ஏன் பிடிக்கிறது?" என்று கேட்பது சமூக உளவியல். "முறியும் நிலையில் இருக்கும் ஜோடிக்கு எது உதவும்?" என்பது மருத்துவ உளவியல். "நானே எதிரில் உட்கார்ந்து உதவ வேண்டும்" என்பவருக்கு ஜோடி, குடும்ப சிகிச்சையில் முதுகலை போதும்.

பொருத்தம்தான் உங்கள் கேள்வி என்றால் சமூக உளவியல் பி.எச்டி.க்கே எங்கள் ஓட்டு. காரணம், அங்கே கற்றுத்தரும் ஆய்வு வடிவமைப்பு. 12 ஆண்களில் ஒவ்வொருவரும் 12 பெண்களில் ஒவ்வொருவரோடும் தலா 4 நிமிடம் பேசும் ஸ்பீட் டேட்டிங் (துணை தேடுவோரின் வரிசைச் சந்திப்பு) ஒன்றில் 24 பேரிடமிருந்து 144 சந்திப்புகளின் தரவு கிடைக்கும். அதே 144 ஜோடிகளைத் தனித்தனியாகத் திரட்ட 288 பேர் வேண்டும். அதைவிட முக்கியம், ஒருவர் எல்லாரையும் விரும்புபவரா, எல்லாராலும் விரும்பப்படுபவரா, அல்லது இந்த இருவருக்கு மட்டும் ஏதோ பொருந்தியதா என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். மூன்றாவதுதான் பொருத்தம். சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபின்கல் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2017இல், பங்கேற்பவர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட அளவைகளை இயந்திரக் கற்றலுக்கு (தரவிலிருந்து கணிக்கக் கற்கும் கணினி முறைக்கு) கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டையும் ஓரளவு கணிக்க முடிந்தது, மூன்றாவதை முடியவில்லை. கேள்வித்தாளை நிரப்பினால் துணை கிடைக்கும் என்று சொல்லும் செயலிகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஸ்பீட் டேட்டிங் காட்டுவது முதல் ஈர்ப்பை மட்டுமே. பத்தாண்டு வாழ்க்கையைப் பற்றி அது வாய் திறக்காது.

இந்தத் துறையில் மாணவர்கள் சறுக்குவது பகுப்பாய்வில். 100 ஜோடிகளை 200 தனிநபர்களாக எண்ணிக் கணக்குப் போட்டால் பிழை மதிப்பீடு தவறிவிடும், ஏனென்றால் ஜோடிக்குள் இருவரின் பதில்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. உளவியலாளர் டேவிட் கென்னி முதலானோர் வளர்த்த, ஜோடிகளுக்கான புள்ளியியல் மாதிரிகள் இதற்காகவே வந்தன. இன்னொரு பொறி, ஒற்றுமையை வெறும் கழித்தலால் அளப்பது. இருவருமே இதமான சுபாவக்காரர்கள் என்றால் வித்தியாசம் குறைவாக, திருப்தி அதிகமாக வரும். அந்தத் திருப்தி தனித்தனி இதத்தால் வந்தது, ஒற்றுமையால் அல்ல. இருவரின் மதிப்பெண்களையும் முதலில் புள்ளியியல் மாதிரியில் சேர்த்த பிறகே ஒற்றுமையைச் சோதிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஆய்வுக்கு ஜோடியாக வர ஒப்புக்கொள்பவர்கள் பெரும்பாலும் சுமுகமாக இருப்பவர்கள். திருப்தி மதிப்பெண்கள் உச்சியில் குவிந்துவிடும்.

மருத்துவ உளவியலின் பலம் நேரடி உற்றுநோக்கல். ஜோடியை ஒரு சண்டைக்குரிய விஷயத்தைப் பற்றி 15 நிமிடம் பேசவிட்டு, படம்பிடித்து, முகபாவத்தையும் பேச்சையும் குறியீடாக்குவார்கள். உளவியலாளர்கள் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் பிரபலமாக்கிய வழி இது. விவாகரத்தை 90 சதவீதத்துக்கு மேல் கணிக்கலாம் என்ற பேச்சும் இங்கிருந்தே கிளம்பியது. முடிவு தெரிந்த ஜோடிகளுக்கு ஏற்பச் சமன்பாட்டைப் பொருத்திவிட்டு, புதிய ஜோடிகளிடம் சோதிக்காவிட்டால் துல்லியம் மிகையாகத் தெரியும் என்று 2001இல் ஹேமன், ஸ்லெப் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். நுழைவதற்குமுன் இன்னொன்றையும் யோசியுங்கள். நோயாளிகளுடன் பயிற்சி நேரம், பிறகு பெரும்பாலும் ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் என்று ஆய்வுக்கான நேரம் கரைந்துவிடும். கைமாறாக உரிமம் கிடைக்கும். சமூக உளவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு சிகிச்சை அளிக்க முடியாது.

முதுகலை சிகிச்சைப் படிப்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியும். பல இடங்களில் உதவித்தொகை இராது, ஆய்வேடு கட்டாயமுமில்லை. பிற்பாடு பி.எச்டி. எண்ணம் இருந்தால் ஆய்வேட்டைத் தவிர்க்காதீர்கள்.

மூளை ஸ்கேன் ஆய்வுகள் கவர்ச்சியானவை, ஆனால் பங்கேற்பவர்கள் குறைவு: 2005இல் ஆர்தர் ஆரனும் ஹெலன் ஃபிஷரும் இன்னும் சிலரும் செய்த புகழ்பெற்ற ஆய்வில் 17 பேர். காதலரின் படத்தைப் பார்க்கையில் எந்தப் பகுதி விழிக்கிறது என்று தெரியும், பொருத்தம் தெரியாது. குடும்பவியல் துறையைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுப் படிப்புக்குள் எந்தத் திருமணம் முறியும் என்று காத்திருக்க முடியாது. அந்தக் காத்திருப்பை இத்துறை பயன்படுத்தும், ஒரே ஆட்களிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சேர்த்த தொடர் கணக்கெடுப்புகள் மிச்சப்படுத்தும்: 2008இல் தொடங்கிய ஜெர்மனியின் பேர்ஃபேமில் 12,000க்கும் மேற்பட்டோரின் தரவு இருக்கிறது, துணைவர்களின் பதில்களும் உண்டு.

விண்ணப்பத்தில் "காதலில் ஆர்வம்" என்று எழுதினால் எடுபடாது. ஒரு கேள்வி, அதை அளக்கும் ஒரு வழி, அதற்கேற்ற ஒரு பேராசிரியர் என்று எழுதுங்கள். அந்தப் பேராசிரியரின் கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளில் இரு துணைவர்களின் தரவும் இருக்கிறதா பாருங்கள். அவரது மாணவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கடைசி ஆய்வுக்கு ஜோடிகளைத் திரட்ட எத்தனை மாதம் ஆனது, ஏற்கெனவே சேர்ந்த தரவைப் புதிய மாணவர் தொடலாமா.