தூரிகைக்கு எந்தப் பெயிண்ட்: ஹம்ப்ரோலா, தாமியாவா, வயேஹோவா?

1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமானப் பிளாஸ்டிக் மாடல் ஒன்றுக்குப் பழுப்பும் கரும்பச்சையும் கலந்த உருமறைப்பு நிறங்களைத் தூரிகையாலேயே பூசுவது என்று முடிவு செய்தபோது, ஹம்ப்ரோல் எனாமல், தாமியா அக்ரிலிக், வயேஹோ மாடல் கலர் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்து, கடைசியில் வயேஹோவையே தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அன்று. பெயிண்டைக் காற்றழுத்தத்தால் தெளிக்கும் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு இதன் முடிவுகள் பொருந்தவும் மாட்டா.

எனாமலுக்கு வாடை உண்டு, தூரிகையைக் கழுவ ஒயிட் ஸ்பிரிட் வேண்டும். தாமியாவுக்கு அதன் எக்ஸ்-20ஏ தின்னர் வேண்டும். வயேஹோவுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். இவை எல்லோரும் அறிந்தவை. என் தேர்வைத் தீர்மானித்தது வேறொன்று: இரண்டாவது பூச்சு, அடியில் உள்ள முதல் பூச்சை என்ன செய்கிறது என்பது. தூரிகையால் ஒரே பூச்சில் சீரான நிறம் கிடைப்பது அரிது. மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியாக வேண்டும் என்பதால், மற்ற எல்லாக் குணங்களும் இதற்குப் பின்தான்.

தாமியா அக்ரிலிக் ஏர்பிரஷில் மிக அழகாக விழும். அதில் உள்ள ஆல்கஹால் விரைவாக ஆவியாவதால், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் பூச்சு இறுகத் தொடங்கிவிடுகிறது. அதன்மேல் தூரிகை மீண்டும் பட்டால் இழுபட்டுத் தடம் விழுகிறது. போதிய நேரம் காயவிடாமல் அடுத்த பூச்சைக் கொடுத்தால், அதே கரைப்பான் அடிப்பூச்சைத் தளர்த்தி, பிளாஸ்டிக் தெரியும்படி பெயர்த்தும் விடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளிகள் கலந்து, ஒரே திசையில் இழுத்து, ஒரு நாள் இடைவெளி விட்டால் சமாளிக்கலாம் என்றாலும், இத்தனை கவனத்தைக் கேட்கும் பெயிண்டைப் பெரிய பரப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனாமலின் நிலை நேர் எதிரானது. மெதுவாகக் காய்வதால் தூரிகைத் தடங்கள் தாமாகவே சமன்பட்டுவிடுகின்றன, வெறும் பிளாஸ்டிக்கிலும் உறுதியாகப் பற்றுகிறது. ஆனால் அடுத்த பூச்சுக்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் தூசி படியாமல் மாடலை மூடி வைப்பதும் தனி வேலை. பொறுமை உள்ளவர்களுக்கு ஹம்ப்ரோல் 29 (பழுப்பு), 30 (கரும்பச்சை) ஆகிய இரண்டு டப்பாக்களே ஸ்பிட்ஃபயரின் மேற்புறத்துக்குப் போதும்.

வயேஹோ தண்ணீரில் கரைவது. காய்ந்தபின் தண்ணீரால் எளிதில் கரையாது. அரை மணி நேரத்தில் அடுத்த பூச்சைக் கொடுத்தாலும், முந்தையது தொடுவதற்கு நன்றாகக் காய்ந்திருந்தால், அசையாது. பால் பதத்துக்கு நீர்த்து மூன்று பூச்சுகள் கொடுத்தால் தடமே தெரியாத பரப்பு ஒரே மாலையில் கிடைத்துவிடுகிறது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிவதைப் பார்த்து அவசரப்பட்டுத் தடிமனாக ஏற்றாமல் இருந்தால் போதும். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும் என்பதால், பெயிண்டை வைத்துக்கொள்ள, ஈரப் பஞ்சின்மேல் பேக்கிங் தாள் விரித்த ஈரத்தட்டு இதற்கு அவசியம். இன்னொரு வசதி, தகட்டு இணைப்புக் கோடுகளை எடுத்துக்காட்டப் பூசும் எனாமல் வாஷை (மிகவும் நீர்த்த பெயிண்டை) ஒயிட் ஸ்பிரிட் கொண்டு துடைத்தாலும், நன்கு காய்ந்த அக்ரிலிக் கெடுவதில்லை. எனாமல் பரப்பில் இதைச் செய்ய, முதலில் அக்ரிலிக் வார்னிஷ் அடித்தாக வேண்டும்.

வயேஹோவின் பலவீனம் பிடிமானம். வெறும் பிளாஸ்டிக்கில் பூசினால் நகம் பட்டாலே உரியும். மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது அதனுடன் சேர்ந்து வந்துவிடும். பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி, பெயிண்ட் பற்றிக்கொள்ள உதவும் பிரைமர் அடித்த பிறகே இதைத் தொட வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் பரப்பை மூடுவதில் மந்தமானவை. மஞ்சளுக்கு அடியில் வெளிர்பழுப்பு ஒன்றைக் கொடுப்பது பூச்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையைச் சக்கரம், இருக்கை போன்ற சிறு பாகங்களுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

மற்ற இரண்டையும் நான் கைவிட்டுவிடவில்லை. புகைபோக்கிக் குழாய்களுக்கு, காய்ந்தபின் துணியால் தேய்த்தால் உலோகமாக மின்னும் ஹம்ப்ரோல் மெட்டல்கோட்டையே எடுக்கிறேன். இறக்கை நுனி விளக்குகளுக்கு, இடப்புறம் தாமியாவின் ஒளிபுகும் சிவப்பான எக்ஸ்-27, வலப்புறம் பச்சையான எக்ஸ்-25. அத்தனை சிறிய புள்ளிக்கு ஒரு துளி போதும், இரண்டாவது பூச்சு என்ற பேச்சே எழாது.