எண்டோமெட்ரியோசிஸுக்கு ‘இம்யூன் தெரபி’: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

குழந்தைப்பேறு மையங்களின் பாக்கேஜ் பட்டியலில் ‘இம்யூன் தெரபி’ என்றொரு வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ரத்தத்தில் என்.கே. (‘நேச்சுரல் கில்லர்’ என்ற எதிர்ப்புச் செல்) செல் டெஸ்ட், இன்ட்ராலிபிட் என்ற கொழுப்புக் கரைசல் ட்ரிப்ஸ், சில இடங்களில் இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடி மருந்து, கூடவே ஸ்டீராய்டு மாத்திரை. ஆன்லைனில் ‘இம்யூனிட்டி’ பவுடர் டப்பாக்கள் தனி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். இந்த நோயில் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த உண்மையைக் காட்டி இன்று விற்கப்படும் எதுவும் எண்டோமெட்ரியோசிஸ் வலியைக் குறைக்கும் என்று நிரூபணமாகவில்லை.

பங்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். குழாய் அடைபடாத பெண்களில் 90 சதவீதம் பேரிடம் இதைப் பார்த்ததாக 1984-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் நோய் வருவது சுமார் பத்தில் ஒருவருக்கே. மற்றவர்கள் வயிற்றில், கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் என்.கே. செல்களும் அந்த ரத்தத்தோடு வரும் கருப்பைத் திசுவை அப்புறப்படுத்திவிடுகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். நோய் உள்ளவர்களிடம் என்.கே. செல்களின் கொல்லும் திறன் குறைந்திருப்பதை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 1991-ல் காட்டியது. மேக்ரோஃபேஜ்களோ ஏராளமாகக் குவிந்தும் வேலையைச் செய்வதில்லை. டிஎன்எஃப், இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து, அந்தத் திசுவுக்குப் புது ரத்தக் குழாயும் நரம்பு நுனியும் கிடைக்க வழி செய்கின்றன. குடலும் கருப்பையும் ஒட்டிக்கொள்வது அதன் தொடர்ச்சி.

அப்படியானால் டிஎன்எஃப்-ஐ அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். பபூன் குரங்குகளில் டிஎன்எஃப் தடுப்பு மருந்து நல்ல பலன் தந்தது. பிறகு மூட்டுவாதத்துக்கும் க்ரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கும் கொடுக்கும் டிஎன்எஃப் தடுப்பு மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாபை லூவனில் பெண்களிடம் சோதித்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே 1 சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டியும் கடுமையான வலியும் உள்ள 21 பெண்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு எடைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் ட்ரிப்ஸ். மருந்து பெற்றவர்களுக்கு வலி 30 சதவீதம் குறைந்தது. வெறும் ட்ரிப்ஸ் பெற்றவர்களுக்கும் அதே 30 சதவீதம் குறைந்தது. மூன்று மாதம் கழித்து அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தபோதுதான் இரு தரப்பிலும் வலி ஆரம்ப அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

இந்த 30 சதவீதத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இம்யூன் சிகிச்சைக்கு வரும் ஐந்து நட்சத்திர ரிவ்யூக்கள் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் படிக்க வேண்டும். வலி ஏறி இறங்கும் நோய் இது. உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புதுச் சிகிச்சைக்குப் போவார்கள். அடுத்த மாதம் அது தானாகவே கொஞ்சம் தணியும். கூடவே ஒரு டாக்டர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதும், ட்ரிப்ஸ் ஏறுவதும் நிஜமான நிம்மதி தரும். அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் குறைந்த வலிக்கு அந்த மருந்துதான் காரணமா என்பது, மருந்தில்லாத ட்ரிப்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைப்பதில் டிஎன்எஃப்-க்குப் பெரிய பங்கு. அதை அடைத்தால் காசநோய் கிளம்பும். அதனால்தான் மூட்டுவாதத்துக்கே இந்த மருந்தைத் தொடங்கும் முன் காசநோய்க்கான மான்டோ அல்லது ஐகிரா டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ்-பி டெஸ்ட் எல்லாம் பார்ப்பார்கள். இடுப்புப் பகுதிக் காசநோயும் எண்டோமெட்ரியோசிஸும் ஸ்கேனில் ஒன்றுபோல் தெரியக்கூடும்: சினைப்பை அருகே கட்டி, ஒட்டல்கள், அடைபட்ட குழாய், குழந்தையின்மை. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை அளவும் இரண்டிலும் ஏறும். ஒன்றை மற்றொன்று என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் விளைவு விபரீதமாகும். நீண்ட நாள் ஸ்டீராய்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அடுத்து, அதிகம் விற்கும் சரக்கு: என்.கே. டெஸ்டும் இன்ட்ராலிபிட்டும். இன்ட்ராலிபிட் என்பது வாய்வழி சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றும் பால்போன்ற கொழுப்புக் கரைசல். 20 சதவீத பாட்டிலில் இருப்பது சோயா எண்ணெய், முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பாஸ்போலிபிட், கிளிசரின், தண்ணீர். இதில் கொஞ்சத்தை உப்புநீரில் கலந்து ஏற்றுவார்கள். சோயா, முட்டை, வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது.

இதை விற்கும் காரணத்தைக் கவனியுங்கள். ‘உங்கள் என்.கே. செல்கள் அதிக வேகத்தில் இருக்கின்றன, கருவைத் தாக்குகின்றன, அடக்க வேண்டும்’ என்பார்கள். எண்டோமெட்ரியோசிஸ் ஆய்வுகள் சொல்வதோ இதற்கு நேர் எதிர்: வயிற்றில் அந்தச் செல்கள் சோர்ந்து கிடக்கின்றன. ஒரே பிரசுரத்தில் இரண்டும் இருந்தால், எழுதியவர் எதையும் சரிபார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் உள்ள என்.கே. செல்லும் கருப்பைக்குள் இருக்கும் என்.கே. செல்லும் வேறு வேறு வகை என்பது அடுத்த விஷயம். ஒன்றை எண்ணி மற்றொன்றைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஐவிஎஃப்-இல் சேர்க்கப்படும் கூடுதல் சிகிச்சைகள் பற்றி ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-ல் வெளியிட்ட பரிந்துரை, இன்ட்ராலிபிட், இம்யூனோகுளோபுலின் இரண்டையும் வேண்டாம் என்கிறது. வலிக்காக வருபவருக்கு இதை ஏற்றுவதற்கோ எந்த அடிப்படையும் இல்லை. பில்லில் இந்த வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

பென்டாக்ஸிஃபிலின் 400 மில்லிகிராம் மாத்திரை விலை குறைவு. கால் ரத்த ஓட்டத்துக்கான பழைய மருந்து, டிஎன்எஃப் சுரப்பைக் குறைக்கும். இயற்கையாகக் கருத்தரிக்க உதவும் என்று இதைக் கொடுக்க வேண்டாம் என்று எஷ்ரே 2022 வழிகாட்டி சொல்கிறது. வலிக்கும் போதிய சான்று கிடையாது. ஏற்கெனவே எடுப்பவர்கள் வலிக்கு கீட்டோரோலாக் சேர்த்து எடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காக எடுங்கள். பாஸ்டனில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 69 இளம்பெண்களிடம் 6 மாதம் நடந்த ஆய்வில் தினம் 2000 யூனிட் எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. ‘இம்யூனிட்டி’ பவுடர்களைப் பற்றி எழுத இடத்தை வீணாக்க வேண்டாம்.

நம்பிக்கை தருபவை இன்னும் கடைக்கு வரவில்லை. ஜப்பானின் சுகாய் நிறுவனம் உருவாக்கிய ஏஎம்ஒய்109, இன்டர்லூகின்-8-ஐப் பிடித்து அகற்றும் ஆன்டிபாடி. மாதம் ஒரு ஊசியில் குரங்குகளின் கட்டி சுருங்கியது, வடுவும் ஒட்டலும் குறைந்தன என்று 2023-ல் வெளியானது. ஹார்மோனைத் தொடாமல் வடுவைக் குறைப்பதுதான் இதன் சிறப்பு. இன்றுள்ள எந்த மாத்திரையும் அதைச் செய்வதில்லை. ஆனாலும் பபூன்களில் ஜெயித்த மருந்து பெண்களிடம் தோற்றதை மறக்கக் கூடாது. அதே ஆண்டு நகோயா பல்கலைக்கழகம், ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி நோயுள்ளவர்களில் 64 சதவீதம் பேரின் கருப்பை உள்படலத்தில் இருந்ததாகச் சொன்னது. ஆன்டிபயாடிக் கொடுத்ததில் புண்கள் குறைந்தது எலிகளுக்கு. அதைப் படித்துவிட்டு மெட்ரோனிடசோலை வாங்கி விழுங்காதீர்கள்.

எந்தப் புது மருந்துக்கும் ‘ஆய்வில் சேர்கிறீர்களா’ என்று கேட்டால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள், கையெழுத்திடும் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். சோதனை மருந்துக்குப் பணம் கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இப்போதைக்குக் காசு கொடுக்கத் தகுந்தது டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் என்ற ஹார்மோன் மாத்திரை. நோயை ஒழிக்காது, ஒட்டலைப் பிரிக்காது, வலியை அடக்கும். தினம் ஒன்று, ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். முதல் மூன்று மாதம் திட்டுத்திட்டாக ரத்தம் படுவதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தானாகக் குறையும். மாத்திரை போட்ட 3-4 மணி நேரத்துக்குள் வாந்தியோ பேதியோ ஆனால் இன்னொன்று போட வேண்டும். ரிஃபாம்பிசின், கார்பமசெபின், ஃபெனிடோயின் எடுப்பவர்களுக்கு இதன் வீரியம் குறையும். இதைக் கருத்தடை மாத்திரை என்று நம்பக் கூடாது, ஆணுறை தேவை. மனச்சோர்வு முன்பே இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். குழந்தைக்காக இப்போதே முயல்பவர்களுக்கு இது இல்லை. நிறுத்தினால் சுமார் இரண்டு மாதத்தில் சினைப்பை வழக்கத்துக்குத் திரும்பும்.

மூன்று மாதத்தில் வலி அசையவே இல்லை என்றால் மாத்திரையை மாற்றும் முன் ஸ்கேனைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆழமான கட்டிகளைத் தேடத் தெரிந்தவரிடம் பிறப்புறுப்பு வழி ஸ்கேன், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. கேட்கும்போதே சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்க்குழாயைச் சுற்றி நோய் இறுக்கினால் வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் வீங்கிச் செயலிழந்துவிடும். சாதாரண வயிற்று ஸ்கேனில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடக்கூடியது அது, கேட்காவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை.