டொயோட்டா டீசல் பில்டர்: பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் மூன்று வகை

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் ஏறி டொயோட்டா டீசல் பில்டர் கேட்டாலும் மூன்று வகை மேசைக்கு வரும். ஜெனுயின் (டொயோட்டாவின் சொந்தச் சாமான்) ஒன்று, வி.ஐ.சி., சக்குரா போன்ற பெயர்போன சாமான் ஒன்று, கேள்விப்படாத பெயரில் மலிவுப் பெட்டி ஒன்று. முதல் இரண்டையும் நம்பி வாங்கலாம். மூன்றாவது வேண்டவே வேண்டாம். உள்ளே மடித்து வைத்த கடதாசியை விட, வாய் விளிம்பில் இருக்கும் இறப்பர் வளையம்தான் அதற்குப் பெரிய காரணம்.

டொல்பின் வான் போன்ற பழைய டீசல் வாகனங்களில் பில்டர் இருப்பது பம்ப் உறிஞ்சும் பக்கத்தில். ஒயில் பில்டர் சரியாக உட்காராவிட்டால் ஒயில் நிலத்தில் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். இதில் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். கீழே ஈரமே இருக்காது. ஆனால் காலையில் ஸ்டார்ட் எடுக்க நேரமாகும், எடுத்த பிறகும் திணறும். பற்றரி, ஹீட்டர் பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசு கரையும். வளையத்தின் விலையோ அற்பம்.

ஆகவே கடையிலேயே, "முதலாளி, பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வளையம் பள்ளத்தில் சமமாகப் படிந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும். மலிவுச் சாமானில் பெயின்ட் வழிந்து புரிக்குள் காய்ந்து கிடக்கும். அது பூட்டும்போது உதிர்ந்து டீசலோடு போகும். ஜெனுயின் என்று தந்தால் பெட்டியில் உள்ள இலக்கமும் பில்டரில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். பழைய பில்டரையோ சேசிஸ் இலக்கத்தையோ கையோடு கொண்டுபோவது நல்லது.

மாற்றுவது வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை. எஞ்சின் ஆறட்டும். அடியில் ஒரு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை வையுங்கள். டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டும் சென்சர் பில்டரில் இருந்தால் அதன் வயரை முதலில் கழற்ற வேண்டும். மறந்து பில்டரைத் திருப்பினால் வயர் முறுகி அறும். அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி வடித்துவிட்டு, பில்டர் ரென்சால் கழற்றுங்கள். பழைய வளையம் மேலே பில்டர் பூட்டும் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதைப் பூட்டினால் காற்று கட்டாயம் இழுக்கும்.

சென்சரைப் புதிய பில்டருக்கு மாற்றும்போது அதன் ஓ-ரிங்கும் புதிதாக இருக்கட்டும். சென்சரைக் கையால் இறுக்கினால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் புரி வெடிக்கும். பில்டரின் வளையத்தில் சுத்தமான டீசல் பூசி, வளையம் தொடும் வரை கையால் திருப்பி, அதன் பிறகு முக்கால் சுற்று. ரென்ச் கழற்றுவதற்கு மட்டும்.

புதிய பில்டரில் டீசல் ஊற்றி நிரப்பிப் பூட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுத்துளை வழியாக ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போகும். மேலே உள்ள கைப்பம்பை அது இறுகிக் கல்லாகும் வரை அமுக்குங்கள், அதுவே போதும். எவ்வளவு அமுக்கியும் இறுகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கைப்பம்பின் உள் இறப்பர் போய்விட்டது. சந்தேகமென்றால் பில்டருக்கும் பம்புக்கும் இடையில் கொஞ்ச நேரத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற ஹோஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் வளையத்தையும் கிளிப்பையும் தேடுங்கள்.

காற்றெடுக்க இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துவது பழைய எஞ்சினுக்கு மட்டும். காமன் ரெயில் எனும் புதிய வகை டீசல் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். எஞ்சின் சுற்றும்போது அந்த நட்டில் கைவைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். 2022 தட்டுப்பாட்டு நேரத்தில் கேனிலும் பீப்பாவிலும் வைத்த டீசலை ஊற்றிய வாகனமென்றால், டாங்கின் அடியைச் சுத்தம் செய்யும் வரை அதற்கும் முன்பே. வடித்த டீசலை வடிகானில் ஊற்றாமல் மூடியுள்ள போத்தலில் அடைத்து கராஜில் கொடுங்கள்.