காந்த கிராஃப் போர்டு: கோட்டைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல சாமான் இல்லை

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் சாயங்காலம் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கேரளப் பாடத்தைத் தமிழ் வழியில் படிப்பவர்கள். மீதிப் பேர் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், சமச்சீர்ப் புத்தகம். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் உண்டு. மூன்று கூட்டத்துக்கும் பொதுவாக வருகிற பாடம், ஆயத்தொலைவுகளை வைத்து ஒரு கோட்டுத்துண்டைக் கொடுத்த விகிதத்தில் பிரிப்பது. சமச்சீரில் ஒன்பதாம் வகுப்பிலேயே பிரிவுச் சூத்திரம் வந்துவிடும், சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்பில். கேரளப் பத்தாம் வகுப்பில் முக்கோணம் வரைந்து யோசித்துக் கண்டுபிடிக்க வைப்பார்கள். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து நடத்தத்தான் இந்தப் போர்டை வாங்கினேன்.

பொள்ளாச்சி ஸ்டேஷனரி கடையில் ஸ்டாண்டோடு சேர்த்து 2,800 ரூபாய். 4 அடிக்கு 3 அடி, ஒரு அங்குலக் கட்டம். நடுவில் எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் கறுப்பில் தடியாக அச்சடித்திருக்கிறார்கள். அதனால் வலது, இடது பக்கம் 24 வரைக்கும், மேலே, கீழே 18 வரைக்கும் புள்ளி வைக்கலாம். கூடவே ஒரு டப்பா காந்தமும், இரண்டு முனையிலும் வளையம் போட்ட ரப்பர் கயிறுகளும் தருகிறார்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாத அளவு, வண்டி பேசித்தான் கொண்டுவர வேண்டும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏ என்ற காந்தத்தை (1, 2)இல் வையுங்கள். பி என்ற காந்தத்தை (7, 11)இல் வையுங்கள். கயிற்றை இழுத்து மாட்டுங்கள். இதை 2:1 விகிதத்தில் பிரிக்கிற புள்ளி எது? கரும்பலகையில் நடத்தினால் உடனே சூத்திரத்தை எழுதிவிடுவோம். பிள்ளைகளும் விகிதத்தின் இரண்டு எண்களுக்கு எம், என் என்று போட்டு எழுதிக்கொள்வார்கள், அடுத்த வாரம் எம் எங்கே, என் எங்கே என்று முழிப்பார்கள். போர்டில் நான் கேட்பது வேறு கேள்வி: "ஏயிலிருந்து பிக்குப் போக வலது பக்கம் எத்தனை கட்டம், மேலே எத்தனை கட்டம்?" எண்ணிப் பார்த்து 6, 9 என்கிறார்கள். 2:1 என்றால் மொத்தம் மூன்று பங்கு, அதில் இரண்டு பங்கு நடக்க வேண்டும். 6இல் மூன்றில் இரண்டு 4, 9இல் மூன்றில் இரண்டு 6. ஏயிலிருந்து நாலு கட்டம் வலது, ஆறு கட்டம் மேலே போனால் (5, 8). அங்கே காந்தத்தை வைத்தால் சரியாகக் கயிற்றின் மேலேயே உட்காரும்.

அந்த இடத்தில்தான் பிள்ளைகள் முகம் மாறும். சாய்வாகப் போகிற கோட்டைப் பிரிக்க, சாய்வாக எதையும் அளக்கவே இல்லை. குறுக்கே போன தூரத்தையும் மேலே ஏறிய தூரத்தையும் தனித்தனியாக அதே விகிதத்தில் பிரித்தோம், கோடு தானாகப் பிரிந்துவிட்டது. ஏன் என்று கேட்டால், கயிற்றுக்குக் கீழே மார்க்கரால் இரண்டு செங்கோண முக்கோணம் வரைந்து காட்டுகிறேன். சின்னதும் பெரியதும் வடிவொத்தவை, பக்கங்கள் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். இதற்குப் பிறகு சூத்திரத்தை எழுதினால் யாருக்கும் பயமில்லை. 2 × 7 + 1 × 1, அதை 3ஆல் வகுத்தால் 5. 2 × 11 + 1 × 2, அதை 3ஆல் வகுத்தால் 8. நடந்து போன அதே இடம்.

எம்மையும் என்னையும் இடம் மாற்றிப் போட்டால் (3, 5) வரும். தேர்வில் அதிகம் மார்க் போகிற இடம் இதுதான். போர்டில் அந்தத் தப்பு நிற்காது. ஒரு பையன் அப்படி வைத்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "டீச்சர், ரெண்டு பங்கு நடந்தா பிகிட்டல்ல வரணும், இது ஏகிட்ட இருக்குது!" நான் திருத்தவே வேண்டியிருக்கவில்லை.

எக்ஸ் அச்சு ஒரு கோட்டை எந்த விகிதத்தில் வெட்டும் என்ற கேள்வியும் இதில் அழகாக வரும். (2, −4)இலிருந்து (11, 8) வரை கயிறு கட்டினால், அச்சுக்குக் கீழே 4 கட்டம், மேலே 8 கட்டம். விகிதம் 1:2 என்று பார்த்தே சொல்லலாம், வெட்டும் இடம் (5, 0). முக்கோணத்தின் நடுக்கோட்டு மையமும் (மூன்று நடுக்கோடுகளும் சந்தித்து, ஒவ்வொன்றையும் முனையிலிருந்து 2:1இல் பிரிக்கிற புள்ளி) காட்டலாம், ஆனால் மூன்று நடுக்கோட்டுக்கும் கயிறு கட்டினால் சிக்கலாகிவிடும். ஒரு நடுக்கோடு போதும்.

இனி குறைகள். டப்பாவில் வருகிற காந்தம் ரொம்பப் பெரிது, கிட்டத்தட்ட ஒரு கட்டத்தையே மூடிவிடும். கோடுகள் சந்திக்கிற இடம் தெரியாமல் புள்ளி வைப்பது இந்தப் பாடத்துக்கு ஆகவே ஆகாது. நான் சின்னக் காந்தம் தனியாக வாங்கினேன், நீங்களும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வெளிப்புறமாகப் பிரிக்கும் கணக்குக்கு, அதாவது புள்ளி கோட்டுத்துண்டுக்கு வெளியே, அதன் நீட்சியில் விழும் கணக்குக்கு, இடம் பற்றாது: முதலில் சொன்ன ஏ, பி கோட்டை வெளிப்புறமாக 2:1இல் பிரித்தால் (13, 20), போர்டைத் தாண்டிவிடும். 3:1 எடுத்தால் (10, 15.5), அது உள்ளே அடங்கும். ஸ்டாண்டும் பலம் போதாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் திண்ணையில் அது நிற்காது, சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். கட்டங்கள் மேல் பூச்சுக்கு அடியில் இருப்பதால் எத்தனை துடைத்தாலும் அழியவில்லை, அதற்கு முழு மார்க்.

3:4 போல விகிதம் கொடுத்தால் புள்ளி கட்டத்தில் விழாது. அதே ஏ, பிக்கு அது (25/7, 41/7). காந்தத்தைக் கண் மதிப்பில்தான் வைக்க முடியும். இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கட்டம் எண்ணிப் பழகின பிள்ளைகள் இங்கே வந்து திணறும்போதுதான், சூத்திரம் எதற்கு என்று அவர்களாகவே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் வேண்டுமென்று இந்தக் கணக்கைக் கொடுப்பதுண்டு.

கேரளப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் லேபில் ஜியோஜீப்ரா இருக்கிறதே, போர்டு எதற்கு என்று ஒரு அப்பா கேட்டார். ஜியோஜீப்ரா எனக்கும் பிடிக்கும், இலவசம், புள்ளியை இழுத்தால் எல்லாம் கூடவே நகரும். பின்னம் வருகிற கணக்குக்கு அதுதான் சரி. ஆனால் அதில் புள்ளி தானாக வந்து விழுந்துவிடுகிறது. முதல் தடவை படிக்கிற பிள்ளை தன் விரலால் கட்டம் எண்ணி நடக்க வேண்டும்.

ஆறேழு பிள்ளைகளுக்கு மேல் வைத்து நடத்துகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் கிராஃப் நோட்டும் இரண்டு குண்டூசியும் நூலும் போதும். அதே கடையில் 2 அடிப் போர்டு ஒன்றும் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதில் கட்டம் ஒரு செ.மீ.தான், பின்வரிசைக்குத் தெரியாது. அதை வாங்காதீர்கள்.