கம்பெனி டிரைவரா, ஏசியோ4ஆலா?

விண்டோஸில் பாடிப் பதியும்போது ஹெட்போனில் உங்கள் குரல் தாமதமாக வருகிறதா? நடுவே ‘பட்பட்’ என்று வெடிக்கிறதா? முதலில் டிரைவரைப் பாருங்கள்; ஒலிக்கருவியையும் கணினியையும் பேசவைக்கும் சிறு மென்பொருள் அது. இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செய்த கம்பெனி தரும் டிரைவர் ஒன்று; பல கருவிகளுக்கும் பொதுவான ஏசியோ4ஆல் (ASIO4ALL) இன்னொன்று.

செலவு: இரண்டும் இலவசம்.

தாமதம்: இன்டர்ஃபேஸுக்கென்றே எழுதப்பட்ட டிரைவர்தான் மேல். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலித்துளிகள்) பஃபர், அதாவது ஒரே தடவையில் கையாளும் துளிகளின் எண்ணிக்கை, 128 என்றால் ஒரு பஃபருக்கு சுமார் 2.7 மில்லிசெகண்ட், பாடுபவருக்கு உறுத்தாது. சத்தம் வெடித்தால் பஃபரை 256, 512 என்று ஏற்றுங்கள். மிக்ஸிங்கின்போது 1024 வைத்தாலும் தவறில்லை.

வசதி: யூஎஸ்பி மைக்கில் பாடி, லேப்டாப் ஹெட்போனில் கேட்க வேண்டுமா? ஏசியோ4ஆல் இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஆனால் பிரவுசரில் பாட்டு ஓடினால் பதிவு மென்பொருளில் சத்தமே வராமல் போகலாம். பிரவுசரை மூடிவிட்டுப் பதிவு மென்பொருளைத் திறங்கள்.

இன்டர்ஃபேஸ் வாங்கியவர்கள் அதன் டிரைவரையே போடுங்கள். வெறும் யூஎஸ்பி மைக் என்றால் ஏசியோ4ஆல் போதும்.